ஆட்டுப்பால் நல்லதுதான், கைக்குழந்தைக்கு அல்ல

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அப்பத்தா ஒருவர் ஒன்பது மாதப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளை எடையில் குறையில்லை. ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன், ரேகைகள்கூட வெளுத்திருந்தன. நாக்கு வழவழவென்று இருந்தது. பரிசோதனையில் ரத்தம் மிகக் குறைவு. இருந்த சிவப்பணுக்களும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன.

“என்னம்மா கொடுக்கிறீர்கள்?”

“வீட்டு ஆட்டுப்பால்தான் தாயி. காந்தியே குடித்த பாலாச்சே!”

பிள்ளையின் நான்காம் மாதத்தில் மருமகள் திருப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து பாலாடையில் அதை மட்டுமே புகட்டியிருக்கிறார். காந்தி ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கியது 1919-இல், ஐம்பதை நெருங்கும் வயதில். பச்சிளம் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

குறை ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினில் இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 80 மைக்ரோகிராம் தேவை. 100 மில்லி ஆட்டுப்பாலில் இருப்பதோ ஏறத்தாழ ஒன்று. அரை லிட்டர் குடித்தாலும் ஐந்துதான் சேரும். புதிய ரத்த அணுக்கள் முறையாக உருவாக அது போதாது. பி12, இரும்புச் சத்துகளும் இதில் குறைவு. தண்ணீர் கலந்தால் சத்து போய்விடுகிறது. கலக்காவிட்டால் அதிலுள்ள புரதமும் உப்புகளும் சிறுநீரகத்துக்குச் சுமை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. அதற்கு வழியில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு, குழந்தைகளுக்கென்றே தயாரித்த பால்மாவு.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இதே பால் அருமையான உணவு. ஒரு டம்ளரில் ஐந்து கிராம் புரதமும் 200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கொழுப்புத் துளிகள் சிறியவை. கருவேல நெற்றும் வேப்பங்குழையும் தின்று மானாவாரி மண்ணில் பிழைக்கும் வெள்ளாடு இதைத் தருகிறது என்பதை நான் மதிக்கிறேன். கூடவே முருங்கைக்கீரை, பாசிப்பயறு, முட்டை வேண்டும். பசும்பால் ஒவ்வாத பிள்ளைக்கு மட்டும் இதை மாற்றாகக் கொடுக்காதீர்கள்; பெரும்பாலும் இதுவும் ஒவ்வாது.

கறந்த சூட்டோடு குடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காய்ச்சாத பாலில் புருசெல்லா கிருமி இருக்கலாம். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக அது மாதக்கணக்கில் படுத்தும். பொங்கும்வரை காய்ச்சினால் செத்துவிடும். ஆடு கரு கலைந்து குட்டி வீசியிருந்தால் இந்தக் கிருமியே காரணமாக இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்டும்வரை அதன் பாலைத் தொடாதீர்கள்.

பேரனுக்குச் சத்துச் சொட்டு மருந்தும் பருப்புச் சாதமும் தொடங்கினோம். ஆறாவது வாரம் வந்தபோது என் ஸ்டெதாஸ்கோப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். ஆட்டுப்பால் இப்போது அவனுடைய நான்கு வயது அக்காளுக்குப் போகிறதாம், காய்ச்சி.