உறைவெதிரி: இரத்தத்தைத் தண்ணியாக்காத மருந்து

முழங்கால் மூட்டு மாற்றிய மாமி ஆஸ்பத்திரியில் இருந்தவரை தினமும் வயிற்றில் எனொக்சபரின் ஊசி. வீட்டுக்கு விடும்போது ரிவரொக்சபான் 10 மில்லிகிராம் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் துண்டை நீட்டினேன். "ரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை, நேரம் தவறாமல் குடுங்கோ" என்றார்கள்.

மாமி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஏற்கெனவே ரத்தம் காணாது எண்டவை. இன்னும் தண்ணியாக்கினா?"

பயமுறுத்தியது மருந்தல்ல, பெயர். ஊசியோ குளிசையோ இரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை. ஏற்கெனவே உறைந்ததைக் கரைப்பதும் அவற்றின் வேலையல்ல. அதற்கு வேறு மருந்து. இவை மேலும் உறையாமல் தடுக்கின்றன, அவ்வளவுதான்.

மருத்துவர்கள் சொல்வது அன்ரிகோகுலன்ற். 'அன்ரி' கிரேக்கம், எதிர் என்று பொருள். மற்றப் பாதி லத்தீன் 'கோஆகுலும்': பாலைத் திரைய வைக்கும் உறை. எங்கள் அடுப்படியிலும் இதே கதைதான். இரவில் பாலுக்கு உறை விடுகிறோம், விடியத் தயிர் உறைந்திருக்கும்; விரலை வெட்டிக்கொண்டால் இரத்தமும் உறைகிறது. ஆகவே அன்ரிகோகுலன்றைத் தமிழில் 'உறைவெதிரி' என்றால் கடன் வாங்கிய கருத்துப் போலவே தோன்றாது. பாடப்புத்தகக் 'குருதி'யை முன்னால் சேர்த்துக் குருதியுறைவெதிரி என்றும் நீட்டலாம். உறைந்த இரத்தத்தை 'இரத்தக் கட்டி' என்பது மட்டும் எனக்குப் பிடிக்காது. கட்டி என்றதும் எங்கள் ஆட்களுக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். 'உறைகட்டி' பரவாயில்லை.

மருந்துப் பெயர்களிலும் கதை உண்டு. ஹெபரின் என்ற பழைய உறைவெதிரி ஊசிக்கு கிரேக்க 'ஹெபார்', அதாவது ஈரலிலிருந்து வந்த பெயர். 1916இல் நாயின் ஈரலைச் சோதித்தபோது கிடைத்தது. இப்போது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கிறார்கள். பெரிய மூலக்கூறு, விழுங்கினால் குடல் உறிஞ்சாது, அதனால்தான் ஊசி. எனொக்சபரின் அதை உடைத்துச் சிறிதாக்கியது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாததால் கர்ப்பிணிகளுக்கு இன்றும் இந்த ஊசிதான் வழக்கம்.

வோபரின் பழைய குளிசை. பழுதான வைக்கோல் தின்ற அமெரிக்க மாடுகள் இரத்தம் கசிந்து செத்த காரணத்தைத் தேடிப்போய்க் கண்ட பொருளின் தம்பி. 1948இல் எலிப் பாஷாணமாக விற்றார்கள், 1954இல் மனிதருக்கு வந்தது. பலிக்க நாட்கணக்காகும். அதுவரை ஊசியும் சேர்ந்து போகும். அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும், வல்லாரையும் முருங்கையிலையும் ஒருநாள் அதிகம் ஒருநாள் இல்லை என்று இருக்கக் கூடாது.

ரிவரொக்சபானுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, சில மணி நேரத்தில் பலிக்கும். ஆங்கிலப் பெயரின் நடுவிலுள்ள 'எக்ஸ்-ஏ'யில் எக்ஸ் உரோம எண் பத்து, ஏ என்றால் செயல்படத் தொடங்கியது: உறைதலில் பங்குகொள்ளும் பத்தாம் காரணியை அந்த நிலையில் நேரே பிடிக்கிறது. எனொக்சபரினும் முக்கியமாக அதே காரணியைத்தான் மடக்குகிறது, ஆனால் உடம்பிலுள்ள இன்னொரு புரதத்தின் கையால். இரத்தம் கசியும் ஆபத்து ஊசிக்கும் உண்டு, குளிசைக்கும் உண்டு.

மாமிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "உறை விட்ட பாலைத் தயிராக விடாத குளிசை மாமி" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் தயிர் சாப்பிடலாமோ?" என்றார்.