மிளகாய்த் தூரில் புகையிலைக் கழிவைக் கொட்டாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கொல்லையில் மிளகாய், கத்தரி வைப்பவர்கள் புகையிலைக் கழிவை மூட்டையாக வாங்கித் தூரில் கொட்டுகிறார்கள். இலையில் தேமல் விழுந்ததும் செடியைப் பிடுங்கி எடுத்துவந்து, "பொட்டாஷ் சத்துதானே போட்டேன்?" என்கிறார்கள். இந்தப் பட்டத்திலும் அதே கதைதான்.

பொட்டாஷ் இருப்பது உண்மை. ஆனால் புகையிலைச் செடி முழுக்க ஒரே அளவில் இல்லை. தண்டும் இலையின் நடுநரம்பும்தான் அதற்கு இருப்பிடம். காய்ந்த நடுநரம்பில் 4 முதல் 9 சதவீதம் வரை வரும். நைட்ரேட்டும் குளோரைடும் அங்கேயே தங்கும். சுண்ணாம்புச் சத்து இலைக்குப் போனால் திரும்பாது, அடியிலைகளில் குவியும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குருத்துக்கும் விதைக்கும் நகர்ந்துவிடும். மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அதை வேரிலேயே நிறுத்தாமல் இலைக்கு ஏற்றிவிடும் செடி இது. நிக்கோட்டின் என்ற நஞ்சு தாது அல்ல. வேரில் உருவாகி இலைப்பரப்பில் சேர்வது. ஆகவே மூட்டையில் நரம்பைவிடத் தூள் அதிகமென்றால் நீங்கள் காசு கொடுத்தது நஞ்சுக்கு.

கணக்கும் பாருங்கள். 6 சதவீதம் என்றால் 10 கிலோ நரம்பில் 600 கிராம். கடையில் விற்கும் பொட்டாஷ் உரமான மியூரேட் ஆஃப் பொட்டாஷ் 1 கிலோவில் இருப்பதும் அதே 600 கிராம்தான்.

கழிவோடு தேமல் நோயும் வரும் என்றால், "காய்ந்த சருகில் நோய் எப்படி இருக்கும்?" என்று வாதாடுகிறார்கள். இருக்கும் ஐயா! புகையிலைத் தேமல் வைரஸுக்கு ஈரமும் வேண்டாம், உயிருள்ள இலையும் வேண்டாம். காய்ந்த இலையில் பல ஆண்டுகள் கிடக்கும். வெயிலில் ஒரு வாரம் உலர்த்தினாலும் போகாது. அரைகுறையாக மக்கிய குப்பையிலும் பிழைக்கும். பரப்புவதற்குப் பூச்சிகூடத் தேவையில்லை. நம் கையும் கத்தியும் போதும். புகையிலை, மிளகாய், கத்தரி, தக்காளி நான்கும் ஒரே குடும்பம் என்பதால் நேரே தொற்றும். (இலை சுருண்டாலே இதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம், இலைப்பேனும் சிலந்திப்பேனும் சுருட்டும். வெளிறிய பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள்.)

கழிவு கையிலிருந்தால் நன்றாக மக்கவைத்துத் தென்னைக்குப் போடுங்கள். மிளகாய்க்குப் பொட்டாஷ் உரமே போதும். ஈரக் கழிவை வெறுங்கையால் அள்ளாதீர்கள், நிக்கோட்டின் தோல் வழியே ஏறும். ஆடு, கோழி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் சோப்பால் கை கழுவாமல் நாற்றைத் தொடவே கூடாது. தயவுசெய்து இதை மட்டுமாவது கேளுங்கள். தேமல் கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம். வேறு செடியில் எடுத்த விதையானாலும், லிட்டருக்கு 100 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட் (விதைமேல் ஒட்டிய வைரஸைப் போக்கும் உப்பு) கரைத்த நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி உலர்த்தி விதையுங்கள்.