கொடி எப்போது விழும்? அமெரிக்கன் ஃபுட்பாலில் ‘ஹோல்டிங்’

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்கன் ஃபுட்பாலில் முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொரு ப்ளேயிலும் (ஆட்டத்தின் ஒவ்வொரு சிறு சுற்றிலும்) ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். எப்போதாவது ஒரு தடவைதான் ஹோல்டிங் என்று மஞ்சள் கொடி விழுகிறது. நடுவர்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கிறார்களா?”

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணியில் பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அவருக்கு எறிய இரண்டு மூன்று விநாடியாவது வேண்டும். அதுவரை எதிரணியை அண்டவிடாமல் தடுப்பது அவருடைய அணி முன்வரிசையின் வேலை. தள்ளலாம், பிடித்து நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அதுதான் ஹோல்டிங்; நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார், 10 யார்டு தண்டனை. அதே தவற்றைத் தற்காக்கும் அணி செய்தால் 5 யார்டு, கூடவே எதிரணிக்குப் புதிய ஃபர்ஸ்ட் டவுன், அதாவது முன்னேற மறுபடியும் நான்கு வாய்ப்புகள். 1978இல் என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை லீக்), பந்தை எறியும் ‘பாஸ்’ ப்ளேயில் தடுப்பவர் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்க அனுமதித்தது. விரித்த கை எதிராளியின் மார்பில் பதிந்தால் விரல்கள் சட்டையைப் பற்றத்தான் செய்யும். அதனால் விதி பற்றுதலை மட்டும் பார்ப்பதில்லை. எதிராளியைக் கணிசமாகக் கட்டுப்படுத்தினாரா, அவர் ஓடும் பாதையையோ கோணத்தையோ மாற்றினாரா என்றுதான் கேட்கிறது.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விசையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஓர் உடலின் வேகமோ திசையோ மாறும்போதுதான் அங்கே விசை இருந்ததே தெரியும். பள்ளியில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதிதான். கதவைத் தள்ள உள்ளங்கை போதும். இழுக்கக் கைப்பிடி வேண்டும். தடுப்பவர் எதிராளிக்கு நேர்முன்னே இருக்கும்வரை அவர் கொடுப்பது தள்ளுவிசை. சட்டையைப் பற்றாமலேயே அதைக் கொடுக்கலாம், ஆகவே பற்றியிருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. எதிராளி அவருடைய தோளைத் தாண்டிய கணத்தில் நிலைமை தலைகீழாகிறது. இனி தாமதப்படுத்த வேண்டுமானால் பின்னோக்கிய விசை தேவை. பின்னால் இருப்பவர் அதைக் கொடுக்கப் பிடித்து இழுப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது! தாண்டிய பிறகும் ஒருவர் முன்னேறவில்லை என்றால், விரல்கள் கண்ணில் படாவிட்டாலும் பிடி இருக்கிறதென்று சந்தேகிக்கலாம். தடுப்பவரின் கால்கள் எதிராளியிடம் தோற்றுப் பின்தங்கிவிட்டனவா என்று நடுவர் முதலில் பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்தது தோள். நம் உடலின் நிறைமையம் இடுப்பருகே இருக்கிறது. பிடி விழுவதோ பெரும்பாலும் அதற்கு மேலே, தோளிலோ அக்குள் பக்கத்துச் சட்டையிலோ. அங்கே இழுத்தால் உடலைச் சுழற்றும் திருப்புவிசை உண்டாகும். கால்கள் முன்னே ஓடும், தோள் பின்தங்கும். அல்லது ஒரு தோள் மட்டும் சட்டென்று திரும்பும். நேரான தள்ளலில் எதிராளி முன்சாய்ந்து தாங்கிக்கொள்வதால் உடல் மொத்தமாக வேகம் குறையும். இந்த வேறுபாடு பல மீட்டர் தள்ளி நின்றாலும் தெரிகிறது.

‘ரிப்’ என்றொரு உத்தி இருக்கிறது. குவாட்டர்பேக்கை நோக்கி வரும் எதிராளி தன் கையைத் தடுப்பவரின் அக்குளுக்கடியில் கொடுத்து மேலே வீசுவார். பார்த்தால் தடுப்பவர் அவர் கழுத்தை வளைத்துப் பிடித்ததுபோல இருக்கும். ஆனால் அந்த நிலையை உண்டாக்கியவர் எதிராளியே, ஆகவே ஹோல்டிங் இல்லை; எதிராளியின் கால் தரையைவிட்டுப் போகும்படி தடுப்பவர் வாரினால்தான் குற்றம். விசையின் காரணகர்த்தா யார் என்றுகூட விதி கேட்கிறது, பாருங்கள்.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நாம் கூர்மையாகப் பார்ப்பது சுமார் 2 பாகை அகலத்துக்கு மட்டும்தான். 10 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஒரு முன்வரிசைக்காரரின் தோளகலம்கூட வராது. அதனால் ஏழு நடுவர்களும் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொள்கிறார்கள். பலர் பந்தைப் பார்ப்பதே இல்லை. 2010இல் அவர்களில் ‘அம்பயர்’ எனப்படும் நடுவரைப் பாதுகாப்புக்காகத் தாக்கும் அணியின் பின்புறத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து தடுப்பவரின் முதுகுதான் தெரியும், கை மறைந்துவிடும். எனவே எதிராளியின் தோளைப் படிப்பது இன்னும் முக்கியமாகிவிட்டது. பந்து போகும் இடத்திலிருந்து வெகு தொலைவில் நடக்கும் பிடிக்குப் பொதுவாகக் கொடி கிடையாது.

2023 பிப்ரவரி 12, அரிசோனாவில் 57ஆவது சூப்பர் பௌல், அதாவது என்எஃப்எல் இறுதிப்போட்டி. சீஃப்ஸ், ஈகிள்ஸ் இரண்டும் 35 புள்ளிகள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மீதி. தற்காத்துக்கொண்டிருந்த ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரி, பந்தைப் பிடிக்க ஓடிய சீஃப்ஸின் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரின் சட்டையைப் பிடித்ததாகக் கொடி விழுந்தது. அதனால் புதிய ஃபர்ஸ்ட் டவுன் பெற்ற சீஃப்ஸ் 38-35 என வென்றது. ஸ்மித்-ஷூஸ்டர் உள்பக்கம் போய் வெளிப்பக்கம் திரும்பும்போது அந்தப் பிடி அவரைத் தடுத்தது என்று தலைமை நடுவர் (ரெஃப்ரி) கார்ல் செஃபர்ஸ் விளக்கினார். சட்டையை இழுத்ததை பிராட்பெரியே ஒப்புக்கொண்டார். அப்படியும் ‘சதி’ என்ற பேச்சு ஓயவில்லை. பூனை குறுக்கே போனதால்தான் காரியம் கெட்டது என்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டிலுமே நடந்ததை உற்றுப் பார்க்காமல் காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம்.

மெதுவாக ஓட்டிக் காட்டும் ரீப்ளேயையும் அப்படியே நம்பாதீர்கள். ஸ்லோ மோஷனில் பார்ப்பவர்கள் செயலில் அதிக உள்நோக்கத்தைக் காண்கிறார்கள் என்று 2016இல் பிஎன்ஏஎஸ் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதில் பயன்படுத்திய காட்சிகளில் அமெரிக்கன் ஃபுட்பால் மோதலும் ஒன்று. இவ்வளவு பணம் புரளும் லீகில் பெரும்பாலான நடுவர்கள் இன்னமும் பகுதிநேரக்காரர்கள். நடுவரின் பார்வை எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிப் பயிற்றுவிப்பது என்ற ஆய்வுகளுக்கு லீக் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. வேகத்தைக் குறைக்காத காட்சிகளை, நடுவர் நிற்கும் அதே கோணத்திலிருந்து காட்டிப் பயிற்சி தருவதிலிருந்து தொடங்கலாம்.