டெம்ப்ளேட்: கார்பன் நானோகுழாய்களுக்கு ‘வார்ப்புரு’ பொருந்துமா?

‘டெம்ப்ளேட்’ என்னும் ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டில் ‘டெம்ப்லெட்’ என்ற வடிவில் வழங்கியது. உத்திரத்தின் அடியில் பாரம் தாங்க வைக்கும் கட்டையை அது குறித்தது. தறியில் துணியின் அகலம் குறுகாதபடி இழுத்துப் பிடிக்கும் கருவிக்கான பிரெஞ்சுச் சொல்லே அதன் மூலமாக இருக்கலாம் என்பர். ஒன்றைப் பார்த்து அதே அளவில் மற்றொன்றை வெட்ட உதவும் மாதிரி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. தகட்டைக் குறிக்கும் ‘பிளேட்’ என்ற சொல்லின் சாயலால் ஈறும் மாறிற்று.

நானோ அளவிலான பொருள்களை ஆராயும் அறிவியலில் இச்சொல் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறது. 1993இல் அஜயன், இஜிமா என்னும் அறிவியலாளர்கள் உருகிய ஈயத்தை, கார்பன் அணுக்களாலான மிகச் சிறிய குழல்களாகிய கார்பன் நானோகுழாய்களுக்குள் நுண்புழை ஈர்ப்பால் (நுண்ணிய துளைக்குள் நீர்மம் தானே ஏறும் இயல்பால்) ஏறச் செய்தனர்; இங்கே குழாயின் உட்புறமே ஈயத்துக்கு வடிவம் தருகிறது. 1995இல் அஜயனும் பிறரும் குழாய்களின்மேல் வனேடியம் ஆக்சைடைப் படியச் செய்து, உள்ளிருந்த கார்பனை ஆக்சிஜனேற்றத்தால் நீக்கும் வழியைக் காட்டினர். இங்கே வடிவம் தருவது வெளிப்புறம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டாம் வழி விரிவாகக் கையாளப்பட்டிருக்கிறது. சிலிக்கான் வில்லையின்மீது அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு), அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் வேண்டிய கோலத்தில் இரும்பும் படியவைக்கப்பட்டு, ஏறத்தாழ 750 டிகிரி செல்சியசில் எத்திலீன் வாயு செலுத்தப்படும்போது, இரும்பு சிறு துகள்களாகப் பிரிந்து, அது இருந்த இடங்களில் மட்டும் குழாய்கள் காடுபோல் செங்குத்தாக வளர்கின்றன. அக்காட்டின் பெரும்பகுதி வெற்றிடம்; தனித்து நின்றால் எளிதில் நசுங்கும். குழாய்களின்மேல் சிலிக்கான் போன்றதொரு பொருளைப் படியச் செய்த பின்னரே அதற்கு உறுதி கிடைக்கிறது. படிந்த சிலிக்கானைச் சிலிக்காவாக (சிலிக்கான் டைஆக்சைடு) மாற்றி, கார்பனைக் காற்றில் எரித்து நீக்கிய தகடுகள், கலவையின் கூறுகளைப் பிரித்தறியும் மென்படல வண்ணப்படிவுப் பிரிகைக்குப் பயன்பட்டுள்ளன.

தமிழில் ‘டெம்ப்ளேட்’டுக்குக் கணினித் துறையில் ‘வார்ப்புரு’ வேரூன்றிவிட்டது. அங்கே அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் வார்ப்பு என்பது உருகியதை ஊற்றுதல். ஈயம் ஏறிய குழாய்க்கு அது ஒருவாறு பொருந்தினாலும், அங்கும் ‘அச்சு’ என்ற பழகிய சொல்லே தெளிவானது. பூச்சு முறையிலோ எதுவும் ஊற்றப்படுவதில்லை. ஐம்பொன் சிலை வார்ப்பில் மெழுகு உருவின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றுவதோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆயினும் அங்கே மண் உடைத்தெறியப்படுகிறது, இங்கே பூச்சுதான் இறுதிப் பொருள். ஆகவே இதற்கு ‘உருச்சட்டகம்’ என்பது என் பரிந்துரை. உருவைத் தாங்குவது, பின்னர் நீக்கத்தக்கது என்னும் இரு கருத்துகளுக்கும் அது இடம் தருகிறது; ‘சட்டம்’ என நிறுத்தினால் நீதிமன்றம் நினைவுக்கு வரும்.

‘கார்பன்’ தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு, இலங்கையில் ‘காபன்’. ‘கரிமம்’ நல்ல சொல்லே எனினும், ‘கரிம வேதியியல்’ என்ற தொடரால் அதன் பொருள் வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. குள்ளன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்து, நூறு கோடியில் ஒரு பங்கு என்ற திட்டமான அளவைச் சுட்டும் ‘நானோ’வை ‘நுண்’ என்று பெயர்த்தால் அளவு மறைந்துபோகும். ‘நுண்குழாய்’ என்று எழுதினால் நுண்புழைக் குழாயோடும் குழம்பும். எனவே ‘கார்பன் நானோகுழாய் உருச்சட்டகம்’ என்று எழுதலாம்.