குவேக்கர் ‘மௌன வழிபாடு’: இதுக்குத் தமிழ்ல சரியான சொல் எது?

குவேக்கர்கள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவினர் ஞாயித்துக்கிழமை ஒண்ணா கூடி ஒரு மணி நேரம் பேசாம உக்காந்திருக்கிறதை நாம ‘மௌன வழிபாடு’ன்னு எழுதுறோம். நானும் அப்படித்தான் எழுதிட்டிருந்தேன், இங்கிலாந்துல இருந்த காலத்துல நானே போய் அங்க உக்கார்ற வரைக்கும். உக்காந்து பாத்த பிறகு அந்தச் சொல் பத்தலைன்னு தோணுச்சு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல குவேக்கர்ங்கிற பேர். இது அவங்களா வெச்சுக்கிட்ட பேர் இல்ல. குவேக்னா ஆங்கிலத்துல நடுங்குறது, எர்த்குவேக்ல வர்ற அதே குவேக்தான். 1650ல இங்கிலாந்துல டெர்பி ஊர்ல, இந்தப் பிரிவைத் தொடங்கின ஜார்ஜ் ஃபாக்ஸை மத நிந்தனை கேஸ்ல நிறுத்துனப்ப, ஆண்டவரோட வார்த்தைக்கு முன்னாடி நடுங்குங்கன்னு அவர் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு ஜெர்வேஸ் பென்னட்ங்கிற நீதிபதி கேலியா கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கிச்சு. அவங்க தங்களைச் சொல்லிக்கிறது ஃப்ரெண்ட்ஸ்னு. யோவான் 15:15ல இயேசு ‘நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்’னு சொல்றார் இல்லையா, அதோட தொடர்புள்ள பேர் இது. அதனால ‘நண்பர்கள் சங்கம்’னு மொழிபெயர்த்தா ஏதோ ஊர் மன்றம் மாதிரி கேக்குது, ‘சிநேகிதர் சபை’ன்னா அந்த வசனமும் கூடவே வருது. சிநேகிதம் வடமொழியில இருந்து வந்த சொல்தான், இருந்தாலும் இந்த இடத்துல எனக்கு அதுதான் பொருந்துது.

இப்போ வழிபாட்டுக்கு வருவோம். அவங்க சொல்ற பேர் ‘மீட்டிங் ஃபார் வொர்ஷிப்’. கவனிச்சீங்கன்னா அதுல சைலன்ஸ்ங்கிற சொல்லே கிடையாது! போதகர் இல்ல, பாட்டு இல்ல, அப்பமும் திராட்சரசமும் பகிர்ற நற்கருணை இல்ல, முன்கூட்டியே எழுதி வெச்ச ஜெபமும் இல்ல. (எல்லா குவேக்கர்களும் இப்படின்னு நினைச்சுடாதீங்க, உலகத்துலயே குவேக்கர்கள் அதிகமா இருக்கிற கென்யாவுல பாஸ்டர், பாட்டு, பிரசங்கம்னு நமக்குப் பழக்கமான மாதிரிதான் பெரும்பாலும் நடக்கும். நான் சொல்றது பிரிட்டன்ல வழக்கமா இருக்கிற முறை.)

நான் போன இடத்துல பெஞ்சுகளைச் சதுரமா போட்டிருந்தாங்க, எல்லாரும் எல்லாரையும் பாக்குற மாதிரி. நடுவுல ஒரு சின்ன மேசை, அதுல பூ, ஒரு பைபிள். எனக்கு அப்போ வாயைத் திறந்து ஜெபிக்க ஒரு வார்த்தைகூட வராத காலம், மைக் வெச்சு சத்தமா ஜெபிக்கிற சபையில வளர்ந்தவளுக்கு அது என்னவோ விசுவாசமே போயிட்ட மாதிரி பயமா இருந்துச்சு. முதல் பத்து நிமிஷம் கடிகார முள்ளு சத்தமும் யாரோ ஒருத்தர் வயிறு கத்துறதும் மட்டும்தான் கேட்டுச்சு, மனசு பாட்டுக்குக் கட்டவேண்டிய பில்லு, பதில் போடாத மெசேஜுன்னு ஓடிட்டே இருந்துச்சு, அப்புறம் எப்போன்னு தெரியல, கலக்கின தண்ணியில மண்ணு கீழ இறங்குமே அந்த மாதிரி இறங்கிடுச்சு. பாதி நேரம் போனப்ப ஒரு பெரியவர் எழுந்தார். உடம்பு முடியாத மனைவி பக்கத்துல ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்திருந்ததாவும், செய்றதுக்கு ஒண்ணுமே இல்லன்னாலும் எழுந்து போக மனசு வரலன்னும் ரெண்டு மூணு வாக்கியம் சொன்னார், உக்காந்துட்டார். யாரும் ஆறுதல் சொல்லல, ஆமென் போடல. அந்த வார்த்தைங்க அப்படியே எல்லார் நடுவுலயும் கிடந்துச்சு. எனக்கு அழுகை வந்துச்சு, அதையும் யாரும் திரும்பிப் பாக்கல, ஆனா தனியா அழுத மாதிரி இல்ல.

இதைத்தான் மௌனம்னு சொன்னா பத்தலைங்கிறேன். மௌனம் முனிங்கிற வடசொல்லுல இருந்து வந்தது, முனிவரோட நிலை. மோனம்னும் தமிழ்ல உண்டு. அதுல ஒரு தனிமை இருக்கு, உலகத்தை விட்டு ஒதுங்கின ஒருத்தர் காக்குற விரதம். குவேக்கர் கூட்டத்துல விரதமே கிடையாது, உள்ள ஏதாவது உந்துச்சுன்னா, அது தனக்கு மட்டுமா இல்ல எல்லாருக்குமான்னு சோதிச்சுப் பாத்துட்டு எழுந்து பேசலாம், பேசினது அந்த வழிபாட்டைக் கலைச்சதா ஆகாது. ‘சும்மா இருத்தல்’னும் சொல்லிப் பாத்தேன், ரொம்ப ஆழமான சொல்தான், ஆனா அங்கயும் இருக்கிறது ஒரே ஆள்.

அடுத்து ‘அமர்’. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல். உக்கார்றதுக்கும் அமர்றதுன்னுதான் பேரு, அடங்குறதுக்கும் அதே பேரு, விளக்கை அமத்துன்னு சொல்றோமே அது. சங்கீதம் 46:10 தமிழ்ல ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’னு இருக்கு, பைபிள்ல எலியா தீர்க்கதரிசிக்குக் கேட்ட கடவுளோட குரலும் ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’தான். பழைய தமிழ்ல அமர்னா போர்னும் ஒரு அர்த்தம் உண்டு, எந்தப் போருக்கும் ஆயுதம் எடுக்க மாட்டோம்னு 1661ல இரண்டாம் சார்லஸ் ராஜாவுக்கே எழுதிக் குடுத்தவங்களுக்கு அந்த அர்த்தம் மட்டும் ஒத்து வராது. ஆனா என்னை நிறுத்துனது அது இல்ல, ‘அமர்வு’ங்கிற சொல்லை மாநாட்டுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. ‘அமர்வு வழிபாடு’ன்னா முதல் அமர்வு முடிஞ்சு டீ பிரேக்கான்னு கேப்பாங்க.

கடைசியா நான் வந்து நின்னது ‘காத்திருப்பு’ல. குவேக்கர்களே இதை ‘வெயிட்டிங் வொர்ஷிப்’னும் சொல்லுவாங்க. காத்திருன்னா காத்து இருக்கிறது, காக்குறது அதுக்குள்ளயே இருக்கு. ஆங்கில வெயிட்டும் தொடக்கத்துல காவல் பாக்குறதுங்கிற அர்த்தத்துல வந்த சொல்தான். அந்தப் பெரியவர் மனைவி பக்கத்துல முழிச்சு உக்காந்திருந்தது அதுதானே? நான் அழுதப்ப அத்தனை பேரும் அசையாம எனக்குக் குடுத்ததும் அதுதான். கூட, மீட்டிங்குக்கு ‘கூடுகை’ன்னு நம்ம சபைகள்ல ஏற்கெனவே புழங்குற நல்ல சொல் இருக்கு. ரெண்டையும் சேத்து ‘காத்திருப்புக் கூடுகை’ன்னு நான் எழுத ஆரம்பிச்சிருக்கேன். நீளம்தான், பரவாயில்ல.

1682ல இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல குவேக்கர் பெரியவங்களையெல்லாம் ஜெயில்ல போட்டுட்டாங்க, அவங்க முறையில கூடுறதே அப்போ சட்டப்படி குத்தம். அந்த நாள்ல கூட்டத்தை விடாம நடத்துனது பிள்ளைங்க. அடி வாங்குனாங்க, மறுபடியும் வந்து அதே மாதிரி உக்காந்தாங்க. அப்பா அம்மா திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க, அந்தக் கூடுகையையும் காத்து இருந்தாங்க.