புளிப்பதாலேயே பியர் கெட்டுவிடவில்லை

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மேசையிலிருந்து மூன்று கிளாஸ் திரும்பி வந்தது. மூன்றும் கூஸ் என்ற பெல்ஜிய பியர். "கெட்டுப்போச்சு, புளிக்குது" என்றார்கள். யாரும் ஒரு வாய்க்கு மேல் குடித்திருக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் பியர் ஊற்றிக்கொடுக்கும் வேலைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. இந்தக் கோடையில் மட்டும் இது ஏழாவது மேசை. வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் கிடந்து பக்குவப்பட்டதைத் தொட்டியில் கொட்டும்போது வயிறு எரிகிறது.

புளிப்புதான் அந்தப் பியரின் சுவை. கூஸுக்குத் தாய் லாம்பிக். பிரஸ்ஸல்ஸிலும் அதன் தென்மேற்கே பயோட்டன்லாண்ட் கிராமங்களிலும் காய்ச்சுவது. இதற்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாறைக் கூரைக்கடியில் ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஓர் இரவு திறந்தே ஆறவிடுகிறார்கள். காற்றிலும் பீப்பாய் மரத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பனங்கள்ளுக்கு யார் ஈஸ்ட் போடுகிறார்கள்? இட்லி மாவுக்கு? மாவு புளிக்காவிட்டால்தானே நாம் கவலைப்படுவோம்! அந்த மாவைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலம்தான் இந்தக் கிளாஸிலும் இருக்கிறது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நுரைக்க விட்டால் கூஸ். மூன்று வருஷம் புளித்தது இனிக்குமா?

அப்படியானால் கெட்டுப்போன கூஸே கிடையாதா? உண்டு. மோர் மாதிரி, பச்சை ஆப்பிள் மாதிரி, நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கிற புளிப்பு நல்லது. வினிகர் போலத் தொண்டையை எரித்தாலோ, நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி அடித்தாலோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தாலோ தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்டு மாற்றித் தருவேன். குதிரைலாயம், பழைய தோல் மாதிரி மணம் வந்தால் பயப்படாதீர்கள், அது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டின் வேலை. பீப்பாயில் ஒரு கட்டத்தில் லாம்பிக் எண்ணெய் போலக் கொழகொழத்து நூல் விடும். தொழிலில் அதை 'நோய்' என்றே சொல்வோம். மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் அதையும் இந்த ஈஸ்டே தெளிய வைத்துவிடும்.

பழ பியரில் தவறு வேறு மாதிரி. கிரீக் என்றால் செர்ரி ஜூஸ் என்று நினைக்கிறார்கள். பழைய முறைக் கிரீக்கில் புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு லாம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். நிறமும் மணமும் கொட்டையின் லேசான பாதாம் வாசனையும் மிஞ்சும். இனிப்புச் சேர்த்த கிரீக்கும் விற்கிறது, அதை விரும்பிக் குடிப்பதில் தப்பே இல்லை. எது வேண்டும் என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 'அவுடே' என்ற சொல் முன்னால் இருந்தால் பழைய முறையில் செய்தது. 1997 முதல் ஐரோப்பியச் சட்டம் அந்தப் பெயரைக் காக்கிறது.

அப்புறம், தயவுசெய்து ஐஸ் போடாதீர்கள். கூஸுக்கு 12 டிகிரி போதும், அதற்குமேல் குளிர்ந்தால் மணம் செத்துவிடும். பாட்டிலைக் குலுக்காதீர்கள், கார்க்கை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். வெயில் படும் ஜன்னலில் வைக்கவே வைக்காதீர்கள். 2009இல் ட்ரீ ஃபொன்டெய்னன் என்ற கூஸ் தயாரிப்பாளரின் கிடங்கில் தெர்மோஸ்டாட் பழுதாகிச் சூடு ஏறியதில் பாட்டில்கள் வெடித்தன, மிச்சமும் பாழாகிவிட்டது. வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்சைக் கரிக்கும். இந்த ஊர்க்காரர்கள் ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் தடவி, மேலே சின்ன முள்ளங்கியை வட்டமாக நறுக்கி வைத்துச் சாப்பிடுவார்கள். அதோடு குடித்துப் பாருங்கள்.

போன மாதம் ஒரு அம்மா தன் கிளாஸ் கிரீக்கிலிருந்து எட்டு வயசுப் பையனுக்கு ஊட்டினார். சிவப்பாக இனித்தாலும் அது சாராயம் உள்ள பானம். இனிப்பான கிரீக்கிலேயே 3.5 சதவீதம் இருக்கும், 'போன்' (Boon) என்ற பியர் நிறுவனத்தின் அவுடே கூஸில் 7. பிள்ளைக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். குடித்துவிட்டு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

முதல் வாய் யாருக்கும் அதிர்ச்சிதான், நாக்கு அதற்குத் தயாராக இருக்காது. ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு இரண்டாவது வாய் குடியுங்கள், அப்புறம் மூன்றாவது. அப்போதும் பிடிக்கவில்லையா, சரி, கூப்பிடுங்கள். வேறு ஊற்றித் தருகிறேன்.