நுண்ணலைச் சிதறல் அளவீடு: சொல் விளக்கம்

அணுக்கரு இணைவு ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் பெயர் ‘மைக்ரோவேவ் ஸ்கேட்டரிங் டயக்னாஸ்டிக்ஸ்’. முதல் இரண்டு சொற்களுக்கும் நம் பாடநூல்களிலேயே தமிழ் இருக்கிறது: நுண்ணலை, சிதறல். மூன்றாவதுதான் வம்பு.

பொருளை முதலில் சொல்லிவிடலாம். டோகாமாக் (இணைவு ஆராய்ச்சிக்கான வளைய வடிவக் கலன்) போன்ற கருவியில், காந்தப்புலத்தால் பிடித்து வைத்த பிளாஸ்மாவுக்குள், அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துபோன சூடான வாயுவுக்குள், ஒரு நுண்ணலைக் கற்றையைச் செலுத்துவார்கள். பெரும்பகுதி நேரே மறுபக்கம் போய்விடும். திசை மாறிச் சிதறி வரும் மிகச் சிறு பங்கைப் பிடித்து, உள்ளே இருக்கும் கொந்தளிப்பை (டர்புலன்ஸ்) அளப்பார்கள். உள்ளே கோடிக்கணக்கான டிகிரி வெப்பம். விளிம்பில் வேண்டுமானால் ஓர் உலோக முனை கொஞ்ச நேரம் தாங்கும், நடுவில் எதையும் நீட்ட முடியாது. ஆனால் நடுவில் நடப்பது தெரிந்தே ஆகவேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மட்டும் கசியும் வெப்பத்தைக் கணக்கிட்டால், உண்மையில் கசிவது அதைவிடப் பல மடங்கு. கூடுதல் கசிவுக்கு முதல் குற்றவாளி கொந்தளிப்பு.

நுண்ணலை என்பதை மைக்ரோமீட்டர் அளவுள்ள அலை என்று நினைத்துவிடக் கூடாது. ‘மிக்ரோஸ்’ என்றால் கிரேக்கத்தில் சிறியது. வானொலி அலையோடு வைத்துப் பார்த்தால் சிறியது, அவ்வளவுதான். அலைநீளம் 1 மீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை.

சிதறல் என்ற சொல்லில்தான் சுவை. வேர் ‘சிதறு’. பழந்தமிழில் ‘சிதர்’ என்றால் மழைத்துளி. இது தற்செயல்தான் என்றாலும் சென்னைக்காரர்களுக்குப் பிடிக்கும்: புயல் நேரத்தில் நாம் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிற டாப்ளர் ரேடார் படம், துறைமுகத்துப் பக்கத்திலிருந்து போகும் சுமார் 10 சென்டிமீட்டர் நுண்ணலையை மழைத்துளிகள் சிதறடித்ததால் கிடைப்பது.

ஆங்கில ‘ஸ்கேட்டர்’, நொறுங்குதலைக் குறிக்கும் ‘ஷேட்டர்’ என்பதன் மாற்றுவடிவமாக இருக்கலாம் என்பார்கள். நம் பிள்ளையார் கோயில் சிதறுகாயிலும் நொறுங்குதலும் சிதறுதலும் ஒன்றாகத்தான் நடக்கின்றன. ஆனால் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இயற்பியலுக்கு வந்தால் குழப்பம். இங்கே சிதறுவது அலை. பிளாஸ்மாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் ‘நுண்ணலைச் சிதறல்’ சரி. ‘பிளாஸ்மா சிதறல்’ என்று எழுதினால் பிளாஸ்மாவே சிதறிப்போனதாகப் பொருள்படும்.

அலையைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். ஜே. ஜே. தாம்சன் பெயரால் தாம்சன் சிதறல் என்பார்கள். எலக்ட்ரான்கள் எங்கும் சீராகப் பரவியிருந்தால் அவை சிதறடித்த அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடர்த்தியில் ஏற்ற இறக்கம் இருந்தால்தான் ஏதாவது மிஞ்சும். அதிலும் ஒரு கோணத்தில் வரும் அலை, குறிப்பிட்ட ஓர் அளவுள்ள ஏற்ற இறக்கத்தை மட்டுமே காட்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள என்எஸ்டிஎக்ஸ் என்ற டோகாமாக் வகைக் கருவியில் 280 ஜிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தினார்கள். அலைநீளம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10 டிகிரி விலகி வருவதைப் பிடித்தால் சுமார் 6 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள கொந்தளிப்பு தெரியும். 30 டிகிரி என்றால் சுமார் 2 மில்லிமீட்டர். கோணம் கூடக்கூட நுணுக்கமும் கூடும். அப்புறம், சிதறி வந்த அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் அந்தக் கொந்தளிப்பு நகரும் வேகமும் கிடைத்துவிடும். டாப்ளர் ரேடார் காற்றின் வேகத்தைச் சொல்வதும் இதே கணக்கில்தான். அதே பிரின்ஸ்டனில் ஏடிசி என்ற பழைய டோகாமாக்கில் இயற்பியலாளர் மாட்சுகாட்டோ 1976இல் வெளியிட்ட அளவீடு இந்தத் துறையின் தொடக்ககால முடிவுகளில் ஒன்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமனின் புண்ணியத்தில் ‘சிதறல்’ தமிழில் எப்போதோ நிலைபெற்றுவிட்டது. ராமன் சிதறலில் அதிர்வெண்ணை மாற்றுவது மூலக்கூறின் அதிர்வு. இங்கே கொந்தளிப்பின் நகர்வு.

அடுத்து டர்புலன்ஸ். லத்தீன் ‘துர்பா’ என்றால் கூட்டம், அமளி. பதினொன்றாம் வகுப்பில் ‘சுழற்சி ஓட்டம்’ என்று படித்திருப்போம். குழாய்த் தண்ணீருக்கு அது போதும், இங்கே வேண்டாம். டோகாமாக்கில் பிளாஸ்மா முழுவதும் சீராகச் சுழல்வதும் உண்டு. அது வேறு, டர்புலன்ஸ் வேறு. இரண்டையும் சுழற்சி என்றால் படிப்பவர் தலைதான் சுழலும். கடலுக்குச் சொல்லும் ‘கொந்தளிப்பு’ கச்சிதம். பிளாஸ்மாவுக்கு மின்மம், அயனிமம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பாடநூல் வழக்கில் பிளாஸ்மாவே இருக்கட்டும்.

சரி, டயக்னாஸ்டிக்ஸ். பிரித்தறிதல் என்பது கிரேக்க மூலப்பொருள். மருத்துவமனையில் ‘நோயறிதல்’ பொருந்தும். பிளாஸ்மாவுக்கு ஏது நோய்? ‘அறிமுறை’ என்று போடலாம் என்றால், செய்முறைக்கு எதிர்ச்சொல்லாகத் தியரியைக் குறிக்க அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே புதிதாக ஒன்றைக் கட்டாமல் ‘அளவீடு’ என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. கருவித் தொகுதியைச் சொல்லும்போது ‘அளவீட்டுக் கருவிகள்’.

எடுத்துக்காட்டு வாக்கியம்: நுண்ணலைச் சிதறல் அளவீட்டில், பிளாஸ்மாவின் விளிம்பைவிட நடுப்பகுதியில் கொந்தளிப்பு குறைவாக இருப்பது தெரிந்தது.